கசப்பெடுக்காத கீரை

இஞ்சாருமப்பா,

இன்று காலை பின்வளவில், சிமெந்துக் கல்லுகளுக்கு நடுவே ஒரு டாண்டிலயன், அதுதான் உம்முடைய காட்டுக்கீரை, முளைத்து நின்றது. பிடித்து இழுத்தேன். வேர் பாதியில் அறுந்து, பால் வந்து விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. தோட்டத்துப் பைப்பில் சோப்புப் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. பங்குனி பிறந்தால் உம்முடைய கை இப்படித்தான் மணக்கும். பூசைக்குப் போகும்போது நீர் பூசுகிற சென்ற்கூட அதை மறைக்காது. நான் கையை மூக்கில் வைத்துக்கொண்டு விசரன் மாதிரி நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்து, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். ஓகே என்றேன். வேறென்ன சொல்ல?

நீர் போனபிறகு வந்த கோடையில் இந்தச் செடிகளை ஒன்று விடாமல் கிண்டி எறிந்தேன். போதாதென்று மருந்தும் அடித்தேன். சட்டனில் தன் வீட்டிலிருந்து டிலானி வந்து பார்த்துவிட்டு, "அப்பா, புல்லும் எல்லே செத்துப்போச்சு" என்றாள். சாகட்டும் என்றேன். அம்மாவைக் கொன்ற சாமானை வீட்டில் வைத்துக் கும்பிடச் சொல்கிறாயா என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம் பிள்ளை, அழுதுகொண்டு காரில் ஏறினாள். ஆனால் இன்றைக்கு ஏனோ எறிய மனம் வரவில்லை. கல்லிடுக்கு முழுக்கத் தேடி, அகப்பட்டதையெல்லாம் பிடுங்கி, இலைகளை ஆய்ந்து தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உம்மோடு பிடிக்கவேண்டிய சண்டை ஒன்று அப்படியே கிடக்கிறது. நீர் பதில் சொல்லமாட்டீர் என்று தெரியும். இருந்தபோதும் நீர் நேராகப் பதில் சொன்னதில்லைத்தானே.

இந்தக் கீரை நம் வீட்டுக்குள் வந்தது ஜேர்மனியில். ஆஸ்பத்திரிச் சலவைச்சாலையில் உம்மோடு வேலை செய்த துருக்கிக்காரி ஒருத்தி, மத்தியானச் சாப்பாட்டில் அதை எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுக் கொண்டுவந்து உமக்கு ஒரு பிடி தந்தாள். அடுத்த சனிக்கிழமையே ஆற்றங்கரைப் புல்வெளியில் கத்தியும் பையுமாய் இறங்கிவிட்டீர். "புல்லுத் தின்ன நாங்கள் என்ன ஆடே?" என்று நான் கத்தினேன். "பேசாமல் ஒருக்கா வாயில வைச்சுப் பாருங்கோ. பிறகு கத்துங்கோ" என்றீர். வைத்துப் பார்த்தேன். பிறகு கத்தவில்லை.

டிலானி ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று எங்களை லண்டனுக்கு இழுத்துவந்தவரும் நீர்தான். இங்கே நோர்பரியில் கடைக்குக் கடை முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டிக் கட்டி வைத்திருக்கிறார்கள். உமக்கு அது பிடிக்காது. "பிளேனில வந்து களைச்சுப்போய்க் கிடக்குது, பாவம்" என்று தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவீர். குளிர் கொஞ்சம் விலகியதோ இல்லையோ, பார்க்குக்குக் கிளம்பிவிடுவீர். பாதையோரத்தில் பிடுங்கக்கூடாது, அங்கே நாய்கள் காலைத் தூக்கும். பூ வந்த செடியைத் தொடக்கூடாது, அதற்குள் கசப்பு ஏறிவிடும். நடுக்குருத்தைச் சுற்றிய இளம் இலையாகப் பார்த்து அடியோடு அறுக்கவேண்டும். நான் பையைப் பிடித்துக்கொண்டு, உம்மைத் தெரியாத ஆள் மாதிரிப் பத்தடி தள்ளி நிற்பேன். ஒருநாள் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் நாயோடு வந்து, முயலுக்கா பிடுங்குகிறீர்கள் என்று உம்மிடம் கேட்டார். நீர் நிமிர்ந்து என்னைக் கையால் காட்டி, "நோ, ஃபோர் மை ஹஸ்பண்ட்" என்றீரே! அந்த மனுசன் சிரித்த சிரிப்பில் நாய் பயந்து குரைத்தது. எனக்கு வந்த கோபத்தில் வீடு வரும்வரை உம்மோடு கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் நாலைந்து தண்ணீரில் அலசுவீர். உப்புப் போட்ட கொதிநீரில் இலையை ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றுவீர். கசப்பில் முக்கால்வாசி அதோடு போய்விடும். பிழிந்து, பொடியாக அரிந்து, தாச்சியில் சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதங்கியபிறகு போட்டு, ஒரு கை தேங்காய்ப்பூவும் மஞ்சளும் சேர்த்துப் பிரட்டி இறக்கிவிட்டுத்தான் தேசிக்காய் பிழிவீர். அந்த வறையும் குத்தரிசிச் சோறும் இருந்தால் எனக்குக் கறி வேண்டாம். இதை நான் உம்மிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடுவீர் என்ற பயம்.

ஒரு பிடிதான் சமைப்பீர். சனிக்கிழமைகளில் மட்டும். காரணம் உம்முடைய நெஞ்சு. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்து வால்வைத் தின்றுவிட்டது என்று சொல்லி, ஜேர்மனியில் அதை வெட்டியெடுத்து இரும்பு வால்வு வைத்தார்கள். பூசையில் எல்லாரும் முழந்தாளில் அமைதியாக இருக்கும்போது, உம்முடைய நெஞ்சு கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று அடிப்பது பக்கத்தில் இருக்கும் எனக்குக் கேட்கும். அந்த வால்வில் இரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுவதும் வார்பரின் குளிசை. பச்சை இலையில் உள்ள சத்து அந்தக் குளிசையை வேலை செய்யவிடாது. இந்த நாட்டு நேர்ஸ் முதல் நாளே உம்மையும் என்னையும் இருத்திவைத்துச் சொன்னாள். கீரை சாப்பிடலாம், ஆனால் கிழமைக்குக் கிழமை ஒரே அளவாய்ச் சாப்பிடவேண்டும், திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நீர் அதைப் பத்துக் கற்பனைகளில் ஒன்று மாதிரிப் பிடித்துக்கொண்டீர். கலியாண வீட்டிலும் கீரைக்கறி வந்தால் இலையில் ஓரமாய் ஒதுக்கிவைப்பீர். நீர் தெரியாமல் செய்த பிழை என்றால் நான் இவ்வளவு கொதிக்கமாட்டேன், தெரியுமா?

நீர் போவதற்கு முன்வந்த நத்தார்ப் பண்டிகை கழிந்து, சவரம் செய்யும்போது என் கழுத்தில் ஒரு கட்டி கையில் தட்டியது. பாக்கு அளவு. டொக்டர் அமத்திப் பார்த்துவிட்டு முகத்தை மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு எழுதினார். ஸ்கான் எடுத்தார்கள், ஊசி குத்திச் சதை எடுத்தார்கள், முடிவுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். புற்றுநோய் என்ற அந்த வருத்தத்தின் பெயரை நம் வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. பெயின்ற் அடிக்கப்போன வீட்டில் ஏணியில் நின்றபடி அழுதிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் உம்மேல் பாய்வேன். நீர் திருப்பிப் பாயாமல், "ஒண்டுமிருக்காது. சாப்பிட வாங்கோ" என்பீர். உமக்குக் கவலையே இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலால் வந்து, உடுப்பு மாற்றாமலே பார்க்குக்குப் போய் ஒரு பை நிறையக் கீரையோடு வந்தீர். அன்றிலிருந்து மத்தியானம் உமக்குக் கஞ்சியும் கீரையும், இரவுக்குக் கீரையும் கஞ்சியும். எனக்கு மட்டும் மீன் குழம்பு. தவக்காலம் முழுக்க மச்சம் மாமிசம் தொடாமல் இருப்பது உமக்கு வருடா வருடம் உள்ளதுதான். ஆனால் இப்படிப் பச்சையாய் அடுக்கி நான் கண்டதில்லை. அதுவும் வேறு மாதிரிச் சமையல். கொதிக்கவிட்ட தண்ணீரை வடிக்காமல், தேங்காய்ப்பூ போடாமல், உப்போடு அப்படியே. ஒருநாள் உம்முடைய கோப்பையிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். வேப்பெண்ணெய் தோற்றது.

"என்னப்பா உது? கசப்பை எடுக்க மறந்துபோனீரே?"

"மறக்கேல்லை. தவக்காலமெல்லே."

"இவ்வளவு கீரை உமக்குக் கூடாதெண்டு நேர்ஸ் சொன்னவவெல்லே?"

"அவவிட்டைக் கேட்டிட்டன். பறவாயில்லையாம். குளிசையைக் கூட்டித் தந்திருக்கிறா. நீங்கள் உங்கடை பாட்டைப் பாருங்கோ."

என்ன சரளமாய்ச் சொன்னீர்! முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பொய் சொன்னால் காது சிவக்கும் ஆள் நீர். அன்றைக்கு உம்முடைய காதைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் நீர் பொய் சொல்வீர் என்று எனக்குத் தோன்றவில்லை.

தவக்காலம் பாதி போகுமுன் முடிவு வந்தது. டொக்டர் கம்பியூட்டரைத் திருப்பிக் காட்டிச் சிரித்தார். வெறும் கொழுப்புக் கட்டி. தொடக்கத்திலிருந்தே கொழுப்புத்தான், பயப்பட எதுவுமே இருந்ததில்லை, விரும்பினால் பிறகு எடுக்கலாம் என்றார். காருக்குள் ஏறியதும் நீர் டாஷ்போர்ட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதீர். கவலை இல்லையோ என்று நான் நினைத்த மனுசி! எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. "வாரும், ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி வாங்கித் தாறன். கீரையைத் தூக்கி எறியும்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உயிர்த்த ஞாயிறு வரட்டும்" என்றீர். அன்று பின்னேரமும் கசப்பெடுக்காத கீரைதான் சாப்பிட்டீர்.

இஞ்சாரும், அன்றைக்காவது நிறுத்தியிருக்கலாமே! முடிவு கையில் வந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு சாப்பிட்ட ஒவ்வொரு பிடியும் யாருக்கு?

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின கிழமை டிலானிதான் உம்மை இரத்தம் பார்க்கக் கூட்டிப்போனாள். இரத்தம் தடித்துவிட்டது என்று நேர்ஸ் சொன்னாளாம். சாப்பாட்டில் மாற்றம் ஏதும் உண்டா என்று இரண்டுதரம் கேட்டாளாம். "நோ, நோ சேஞ்ச்" என்று நீர் தலையாட்டினீராம். சட்டனில் இருக்கிற பிள்ளைக்கு நோர்பரிச் சட்டிக்குள் என்ன வேகிறது என்று எப்படித் தெரியும்? அவள் உம்மை நம்பினாள். நேர்ஸ் அன்றைக்குத்தான் குளிசையைக் கூட்டி, அடுத்த கிழமை திரும்ப வரச் சொல்லி அனுப்பினாள். அந்த அடுத்த கிழமை நீர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தீர்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமை, திங்கள். நான் முன்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். குசினியில் பைப் ஓடுகிற சத்தம் நிற்கவேயில்லை. "தண்ணியைப் பூட்டுமன்" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். வந்து பார்த்தால் தொட்டி நிரம்பி வழிய, கீரை நிலமெல்லாம் ஓட, நீர் அலுமாரியோடு சாய்ந்து இருக்கிறீர். வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ஒரு கை வேலை செய்யவில்லை. மற்றக் கையால் நிலத்தில் கிடந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தீர். அதைத்தான் என்னால் மறக்க ஏலாமல் கிடக்கிறது. அந்த நிலையிலும் கீரையைத்தான் பொறுக்கினீர்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர், தமிழ்ப் பிள்ளை மாதிரி முகம், தமிழ் தெரியாது. வால்வில் இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போய்விட்டது என்றாள். அண்மையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். சொன்னேன். எவ்வளவு என்றாள். கையைக் குவித்துக் காட்டினேன். ஒருநாளைக்கா, ஒரு கிழமைக்கா என்றாள். ஒருநாளைக்கு, ஆனால் உங்கள் நேர்ஸுக்குத் தெரியும் என்றேன். அவள் கம்பியூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, மெதுவாய், அப்படி ஒன்றும் பதியப்படவில்லை என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் ஆட்கள் எழுத மறந்திருப்பார்கள், என் மனுசி பொய் சொல்லமாட்டாள் என்று வார்ட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். டிலானிதான் என் கையைப் பிடித்து, "அப்பா, அம்மா நோ சேஞ்ச் எண்டுதான் சொன்னவ. நான் பக்கத்தில இருந்தனான்" என்றாள். நான் கதிரையில் இருந்துவிட்டேன். நீர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர். கதைக்க உமக்கு வாய் இல்லை. பெரிய வியாழன் பின்னேரம் போய்விட்டீர்.

ஏன் என்று தெரியாமலே உம்மை அடக்கம் செய்தேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் எல்லாரும் பற்றிஸ் பலகாரமும் தேத்தண்ணியுமாய் நிற்கும்போது றெஜினாக்கா வந்தார். பாடற்குழுவில் உமக்குப் பக்கத்தில் நின்று பாடுவாரே, அவர்தான். என் தோளைத் தொட்டு, "உங்கடை கழுத்து இப்ப எப்பிடித் தம்பி?" என்று கேட்டார். சுகம், அது வெறும் கட்டிதான் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"பலிச்சிட்டுதெல்லே. அவ தன்ரை நேர்த்தியை விடாமல் பிடிச்சவ."

"என்ன நேர்த்தியக்கா?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதே? உங்களுக்கு அந்த வருத்தமா இருக்கக்கூடாதெண்டு மாதாவுக்கு நேர்ந்தவ. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் கஞ்சியும் கசப்புக் கீரையும்தான் எண்டு. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டையும் சத்தியம் வாங்கினவ."

அவருக்கு உம்முடைய குளிசையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் அவரைக் கோபிக்க எனக்கு வழி இல்லை. நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது, இடையில் விட்டால் யாருக்காக நேர்ந்தோமோ அவர் தலையிலேயே வந்து விடியும். மன்னாரில் உமக்குப் பாலோடு சேர்த்துப் பருக்கியது இது. நேர்ஸுக்குச் சொன்னால் நிறுத்தச் சொல்வாள். நிறுத்தினால் நான் செத்துப்போவேன். முடிவு நல்லதாய் வந்தபிறகும், நன்றி மறந்தால் கட்டி திரும்பி வரும் என்று பயந்திருப்பீர். உம்முடைய தலைக்குள் எல்லாம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. எனக்கு ஒரு பொய், நேர்ஸுக்கு ஒரு பொய். பெரிய கிழமைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனீரே, இவற்றைச் சாமியாரிடம் சொன்னீரா, இல்லை அதையும் நேர்த்திக்குள் போட்டு மூடினீரா?

என்னை ஒருக்கால் கேட்டிருக்கக்கூடாதா? என் கழுத்துத்தானே அது! நீர் இல்லாமல் இந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்று மாதாவிடம் போகுமுன் என்னிடம் கேட்டிருந்தால், காலைப் பிடித்துத் தடுத்திருப்பேனே. உம்மேல் எனக்கு ஆத்திரம். இன்னும் தீரவில்லை. தீராது.

இலை வெந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீரை வடித்து, பிழிந்து, உம்மைப் போல் அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு வறுத்தேன். என் கைக்குப் பொடியாய் வரவில்லை. ஆனால் ருசி அதே ருசி. நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததே என்று கோபம் வந்து, கோப்பையைத் தள்ளிவைத்தேன். பிறகு இழுத்துவைத்துச் சாப்பிட்டு முடித்தேன். அழுதுகொண்டுதான்.

கோயிலுக்கு இன்னும் போகிறேன். ஆட்கள் என்னைக் காட்டி, மனுசியின் மன்றாட்டால் பிழைத்தவர் என்கிறார்கள். நோயில் கிடக்கிற ஒருவருடைய பெண்சாதி போன மாதம் என் கையைப் பிடித்து, உங்கள் மனுசி என்ன நேர்ந்தவ, எப்படிச் செய்தவ என்று கேட்டா. ஒன்றும் செய்யாதேங்கோ, மருந்தை ஒழுங்காய் எடுக்கச் சொல்லுங்கோ, நேர்ஸுக்கு எல்லாத்தையும் சொல்லுங்கோ என்றேன். என் சத்தம் கூடிவிட்டது போல, அவ கையை இழுத்துக்கொண்டா. உண்மையை நான் எப்படிச் சொல்ல? முதல் நாளிலிருந்தே அது கொழுப்பு. நீர் நேராமல் இருந்தாலும் கொழுப்பு. நீர் விபூதிப் புதனன்று பை நிரப்பியபோதும் அது கொழுப்பாய்த்தான் என் கழுத்தில் சும்மா இருந்தது. இதை டிலானிக்கும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உமக்குத்தான் சொல்கிறேன்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறதாம். சின்ன ஒப்பரேஷன், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். "ஏன் அப்பா? கொலர் தட்டித் தட்டி நோகுதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்" என்று டிலானி காருக்குள் வைத்துக் கேட்டாள். கத்தி எண்டால் பயம் என்று சொல்லிவைத்தேன். பயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதையும் வெட்டி எறிந்துவிட்டால், நீர் எதற்காகச் செத்தீர் என்று தொட்டுப் பார்க்க என்னிடம் ஒன்றுமே இருக்காது.